வெளிப்பக்கத்துக் கொண்டி

ஹென்றிக்குக் கோபம் வந்தால் இரும்பில் ஒட்டு நன்றாக விழும். அவனே இதைச் சொல்லிச் சிரிப்பான். புவாண்ட்-கிளேரில் அவன் வேலை செய்கிற பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த விசயம் இது. காலையில் பஸ் பிந்தினாலோ, யாராவது அவனுடைய முகக்கவசத்தை எடுத்துப் பாவித்துவிட்டு இடம் மாற்றி வைத்தாலோ, அன்றைக்கு அவன் ஒட்டுகிற இரும்பை யானை மிதித்தாலும் பிரிக்க ஏலாது. மற்றபடி நல்ல மனிதன். நாற்பத்து நான்கு வயது. மன்னார்த் தீவில் இரும்பு ஒட்டுகிற வெல்டிங் கடை வைத்திருந்தவன், தொண்ணூற்றியொன்றில் மனைவி அக்னெசோடு மொன்ட்ரியாலுக்கு வந்து, ஏழு வருடம் கோப்பை கழுவி, பிறகுதான் மறுபடி இரும்பைத் தொட்டான். மாமியார் றோசாவும் கணவர் பத்திநாதர் இறந்தபிறகு இவர்களோடு வந்து சேர்ந்துவிட்டார். மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் வீடு. ஞாயிறு தவறாமல் தமிழ்ப் பூசை. குடி இல்லை, சீட்டு இல்லை. கோபம் மட்டும் இருந்தது, அதுவும் தாராளமாக.

அந்தப் பட்டறை சினிமாப் படங்களுக்கு வேண்டிய சாமான்கள் செய்கிற இடம். விமானத்தின் மூக்கு, சிறைக்கூண்டு, கப்பல் ஏணி, ராசாவின் கட்டில் என்று எது கேட்டாலும் செய்வார்கள். எல்லாம் பலகையில் வெட்டி, மை அடித்து, இரும்பு என்று ஊரை நம்பவைக்கிற வேலை. கமெரா கிட்டப் போகிற இடத்துக்கு மட்டும் உண்மையான இரும்பு வேண்டும். அந்த உண்மையான இரும்போடு மாரடிக்கிறவன் ஹென்றி.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு பங்குனி மாதம் ஒரு கௌபோய் படத்துக்கு வேலை வந்தது. ஆறு குதிரை இழுக்கிற பெரிய வண்டி. நான்கு பக்கமும் இரும்புத் தகடு போர்த்தி, கூரையில் துப்பாக்கிக்காரன் இருக்க ஒரு கூண்டு வைத்து, பார்த்தாலே பயம் வரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வடிவமைப்புக்குப் பொறுப்பு கத்தரின் என்ற கியூபெக்காரப் பெண். நல்ல பிள்ளை, ஆனால் ஒரு தொப்பி செய்யச் சொன்னாலும் தொப்பியின் சரித்திரத்தைப் படித்துவிட்டு வருகிறவள். இந்த முறை கவச வண்டிச் சரித்திரம். மேசை முழுக்கப் புத்தகங்களை விரித்து வைத்திருந்தாள். அறுநூறு வருடத்துக்கு முன்னர் பொஹீமிய நாட்டில் வயல் உழுத கமக்காரர்கள் தங்கள் வண்டிகளுக்குத் தடித்த பலகை அடித்து, ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்து, குதிரை மேல் வந்த பிரபுக்களை ஓட ஓட விரட்டினார்களாம். பிறகு தென்னாபிரிக்காவில் கவச ரயில். பிறகு அமெரிக்காவில் சுரங்கத் தங்கம் ஏற்றுவதற்கு உள்ளே தகடு அடித்த வண்டிகள். ஹென்றி கோப்பியைக் குடித்துக்கொண்டு படம் பார்த்தான். அவனுக்கு அவளுடைய கதைகள் பிடிக்கும்.

பிறகு அவள் பின்கதவின் வரைபடத்தை நீட்டினாள். கதவும் அதன் கொண்டியும் உண்மையான இரும்பில் வேண்டும் என்றாள். எங்கள் பக்கம் கொண்டி என்றால் கதவைச் சாத்தித் தள்ளுகிற தாழ்ப்பாள். ஹென்றி படத்தைப் பார்த்தான். கொண்டி வெளிப்பக்கம் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தான். தன்னுடைய உடைந்த பிரெஞ்சில் கேட்டான், உள்ளே இருக்கிற ஆட்கள் எப்படி இறங்குவார்கள் என்று.

கத்தரின் சிரித்தாள். "உள்ளே ஆட்கள் இல்லை, ஹென்றி. உள்ளே தங்கம். ஆட்கள் கூரையிலும் முன்னாலும்தான். கொள்ளைக்காரன் திறக்கக் கூடாது என்பதற்காகத்தான் வெளியே கொண்டியும் பூட்டும். தங்கம் இறங்கி ஓடாதுதானே?"

"ஆட்களை ஏற்றுகிற வண்டியென்றால்?"

அவள் பொஹீமியப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "இதோ பார். ஆள் ஏறுகிற வண்டியில் வழி ஆளின் கையில் இருக்கும். நினைத்த நேரம் குதித்து இறங்கிச் சண்டை பிடித்துவிட்டுத் திரும்ப ஏறுவார்கள். ஆளை உள்ளே வைத்து வெளியிலிருந்து பூட்டினால் அது கைதி வண்டி."

ஹென்றி புத்தகத்தை மூடினான். மூடினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. அறைந்தான். கோப்பிக் கோப்பை விழுந்து உடைந்தது. கத்தரின் பயந்துபோய் ஒரு அடி பின்னால் வைத்தாள். அவன் மன்னிப்புக் கூடக் கேட்கவில்லை. பின்கதவால் வெளியே போய், பாதி உருகிக் கறுத்துக் கிடந்த பனிக்குள் சப்பாத்துப் புதைய நின்றுகொண்டு, தமிழில் உள்ள கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் ஒருதரம் சொல்லிமுடித்தான்.

ஏனென்றால் அவன் இதே கதவை ஏற்கனவே ஒருமுறை செய்தவன்.

எண்பத்தாறாம் ஆண்டு. அப்போது ஆயுதம் தூக்கிய இயக்கங்கள் பல. எந்த இயக்கம் என்று ஹென்றி இன்றுவரை வாய் திறந்து சொன்னதில்லை, அது கிடக்கட்டும். மன்னாரில் இரும்பு வெட்டுகிற பெரிய காஸ் கட்டர் அவனுடைய கடையில்தான் இருந்தது. ஒரு ஞாயிறு பகல் அவனைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டார்கள் என்பதும் மரியாதைக்குத்தான். போனால் ஒரு வீட்டில் வீடியோ டெக் போட்டுக் கௌபோய் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தின் பெயர் ஒருவருக்கும் தெரியாது, பேசுகிற இங்கிலீசு ஒருவருக்கும் விளங்காது. நடுவில் இருந்தவர் அருளம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர், படவரைஞர் வேலை படித்தவர், இயக்கத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர். திரையில் இரும்பு போர்த்த வண்டியொன்று புழுதி கிளப்பிக்கொண்டு வருகிறது. கொள்ளைக்காரர்கள் சுடச் சுடச் சன்னம் தெறித்து விழுகிறது. அருளம்பலம் டெக்கை நிற்பாட்டி நிற்பாட்டி, நடுங்குகிற படத்தைப் பார்த்து, கொப்பியில் அந்த வண்டியைக் கீறி எடுத்தார்.

உழவு மெசின் இழுக்கிற பெட்டிக்கு அதே மாதிரித் தகடு அடிக்கவேண்டும், உள்ளே நான்கு பேர் இருந்து சுட்டுக்கொண்டே இராணுவ முகாமின் வேலிவரைக்கும் போகவேண்டும் என்பது திட்டம். பழைய இறங்குதுறையிலிருந்து கழற்றிய தகடுகளை ஹென்றி ஒன்பது நாள் ஒட்டினான். கதவுக்கு வந்ததும் கேட்டான்.

"அண்ணை, உள்ளுக்கும் ஒரு கொண்டி போடுவமே? பெடியள் இறங்கவேணுமெல்லே."

"படத்திலை எப்பிடி இருக்கோ அப்பிடிச் செய்," என்றார் அருளம்பலம். "அமெரிக்காக்காரன் யோசிக்காததை நீ யோசிக்கப் போறியோ?"

செய்தான். அதுதான் அவன் விட்ட பிழை. போகிற நாள் காலையில் பெட்டிக்குள் ஏறிய நான்கு பேரில் ஒருவன் றெக்ஸ். பத்தொன்பது வயது, கோயிலில் பாட்டுப் பாடுகிறவன், அக்னெசின் தம்பி. அப்போது ஹென்றிக்கும் அக்னெசுக்கும் கலியாணம் ஆகவில்லை, ஆனால் பூசை முடிந்தால் அவன் அந்தக் குடும்பத்தின் பக்கமாகத்தான் நடந்து போவான். மெசின் அசைந்ததும் கதவு ஆவென்று திறந்துகொண்டது. றெக்ஸ் உள்ளே இருந்து, "இறுக்கிப் போடுங்கோ அண்ணை, ஆடுது," என்றான். ஹென்றி கதவைத் தள்ளிச் சாத்தி, வெளிக் கொண்டியைப் போட்டான். இரண்டு கையாலும் இறுக்கித்தான் போட்டான்.

வேலிக்கு இருநூறு யார் தூரம் இருக்கும்போது மெசின் தீப்பிடித்தது. ஓட்டினவன் குதித்து ஓடிவிட்டான். பெட்டியில் இருந்த நான்கு பேரில் ஒருவரும் வரவில்லை. பின்னேரம் எரிந்த பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, கொண்டி சூட்டில் இறுகிவிட்டது, வெட்டித் திற என்று ஹென்றியையே கூப்பிட்டார்கள். வெட்டினான். கதவின் உட்பக்கத்தில் என்ன இருந்தது என்று அவன் யாருக்கும் சொன்னதில்லை, இங்கேயும் அது வேண்டாம். ஓட்டினவன் ஒருநாள் அவனைத் தேடிவந்து அழுதுகொண்டு சில விசயம் சொன்னான். அதையும் அவன் வெளியே விடவில்லை. மூன்றாம் நாள் சுவரெல்லாம் நோட்டீஸ். "இறங்கி ஓட வழியிருந்தும் ஓட மறுத்தவர்கள்" என்று எழுதியிருந்தது. எழுதினது அருளம்பலம்.

இரண்டு வருடத்தில் ஹென்றி அக்னெசைக் கட்டினான். கொண்டியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தகடு அவனுடைய கடையில் ஒட்டினது என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். அவன் தன்னைத் தானே சமாளித்துக்கொண்டது இப்படித்தான்: பெடியள் பயந்து இறங்கி ஓடக்கூடாது என்று வேண்டுமென்றுதான் மேலே இருந்தவர்கள் வெளிக் கொண்டி போடச் சொன்னார்கள், அது அவர்கள் செய்த கொடுமை, தான் வெறும் கூலி. இருபது வருடம் அவனுடைய கோபம் அந்த நம்பிக்கையில்தான் சாப்பிட்டு வளர்ந்தது.

இப்போது பனிக்குள் நின்ற மனிதனுக்கு அதுவும் இல்லை. கொடுமை என்றால்கூட அதற்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கும். இது வெறும் மொக்குத்தனம். தங்கப்பெட்டியைப் பார்த்துக் கொப்பி அடித்து, அதற்குள் நான்கு பிள்ளைகளை வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பூட்டினவன் தான்.

அன்று பின்னேரமே அருளம்பலத்துக்குப் போன் எடுத்தான். அவரும் இங்கேதான். புரோசார்ட்டில் வீடு வாங்கி விற்கிற முகவர், இங்கத்தைய தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர், மேடையில் ஏறினால் "கவச வண்டியின் சிற்பி" என்று அறிமுகம். வருடா வருடம் வைகாசியில் அந்த நால்வருக்கு நினைவுக்கூட்டம் வைத்து, தான் எப்படி அதைக் கீறினேன் என்று முக்கால் மணித்தியாலம் பேசுவார். சனம் கைதட்டும். என்ன சீவியமோ!

"அண்ணை, அந்தக் கௌபோய் படத்திலை வண்டிக்குள்ளை என்ன இருந்தது, ஞாபகமிருக்கோ?"

"இதென்ன கேள்வி? ஆக்கள்தானே."

"தங்கம், அண்ணை. தங்கம்! ஆக்கள் மேலை இருந்தவை. அதுதான் கொண்டி வெளியிலை. நீங்கள் பெட்டகத்தைக் கீறிப்போட்டுப் பெடியளை ஏத்தினீங்கள்."

 அருளம்பலம் அவசரமில்லாமல் சொன்னார். "ஹென்றி, நான் கீறினது கொப்பியிலை. கொண்டியைத் தள்ளினது ஆர்? அது உம்மடை மனிசிக்குத் தெரியுமோ? மாமிக்குத் தெரியுமோ?" "தெரியாது," என்றான் ஹென்றி. "அப்ப பேசாமல் இரும். இருபதாவது வருசம். மாமியைத்தான் விளக்கேத்தக் கூப்பிட நினைச்சிருக்கிறம். ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாறன்."

எப்படி இருக்கிறது! செய்ததையும் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து விளக்கும் ஏற்றச் சொல்கிறார்.

மூன்று நாள் ஹென்றி சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பினான். உண்மையைச் சொன்னால் அக்னெஸ் என்ன செய்வாள் என்று தெரியவில்லை. பொறுத்துக்கொள்வாள் என்று நம்ப ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மாமியைப் பற்றி நினைக்கவே முடியவில்லை. மாமி இதுவரை ஒரு நினைவுக்கூட்டத்துக்கும் போனதில்லை, மகனைப் பற்றி வாய் திறந்ததில்லை. பாவம், தாங்கேலாத துக்கம் என்று சனம் சொல்லும், இவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். "இஞ்சாருங்கோ, என்ன நடந்தது? வேலையிலை ஏதும் பிரச்சினையே?" என்று அக்னெஸ் கேட்டாள். "ஒண்டுமில்லை," என்றான். பட்டறையில் கத்தரினிடம் மன்னிப்புக் கேட்டு, படக்காரருக்கு அந்தக் கொண்டியைச் செய்து கொடுத்தான். நன்றாக வந்திருக்கிறது என்று அவள் நன்றி சொன்னாள். 

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்து அரைமணித்தியாலத்தில் அருளம்பலம் கோட்டும் சூட்டுமாக வந்து இறங்கினார். கையில் ஒரு கேக் பெட்டி, மற்றக் கையில் நினைவு மலருக்கு அச்சடிக்கப் போகிற தாள்கள். அக்னெஸ் தேத்தண்ணி வைத்தாள். மாமி மேசைக் கரையில் இருந்தார். எழுபத்திரண்டு வயது, ஒல்லி மனுசி.

"அம்மா, இந்த முறை நீங்கள் கட்டாயம் வரவேணும். நீங்கள் வீரனைப் பெத்த தாய். கேளுங்கோ, மலரிலை என்ன எழுதியிருக்கிறன் எண்டு." அருளம்பலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேடையில் வாசிக்கிற குரலில் தொடங்கினார். "தீ சூழ்ந்த வேளையிலும், கதவைத் திறந்து தப்பி ஓட வழியிருந்தும், தாயை மறந்து, தன்னை மறந்து, இறங்க மறுத்த அந்த நால்வர்..."

மாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஹென்றி அதைப் பார்த்தான். அதற்குமேல் அவனால் ஏலவில்லை. கை அதன்பாட்டில் மேசையில் இறங்க, தேத்தண்ணி எல்லாம் தாளில் ஊற்றுண்டது.

"பொய்! பச்சைப் பொய்! என்ன வழி இருந்தது? சொல்லுங்கோ, என்ன வழி இருந்தது?"

"ஹென்றி, யோசிச்சுக் கதையும்," என்றார் அருளம்பலம்.

"இருபது வருசம் யோசிச்சிட்டன். கொண்டி வெளியிலை. உள்ளுக்கை ஒரு கம்பித்துண்டு கூட இல்லை. மாமி, றெக்ஸ் இறங்க மறுக்கேல்லை. அவனாலை இறங்க ஏலாது. இந்தாள் தங்கம் ஏத்துற வண்டியைப் படத்திலை பாத்துக் கீறினவர். உள்ளுக்கும் ஒரு கொண்டி போடுவம் எண்டு நான் கேட்டனான். அமெரிக்காக்காரனை விட நீ பெரிய ஆளோ எண்டு கேட்டவர்."

அருளம்பலம் எழும்பினார். முகம் கறுத்துவிட்டது. "சொல்லுறதெண்டால் முழுக்கச் சொல்லும். அந்தக் கொண்டியைப் போட்டது ஆர்?"

"நான்தான்," என்றான் ஹென்றி.  "அக்னெஸ், நான்தான். இந்தக் கையாலைதான் போட்டனான். கதவு ஆடுது, இறுக்கிப் போடுங்கோ எண்டு அவன்தான் கேட்டவன். நான் போட்டன்."

அக்னெஸ் அடுப்படியில் நின்றபடியே அவனைப் பார்த்தாள். "பதினெட்டு வருசம்," என்றாள். "பதினெட்டு வருசம் உங்களுக்குச் சோறு போட்டனே. தம்பியின்ரை நினைவு நாளிலை நான் அழேக்கை பக்கத்திலை இருந்து முதுகைத் தடவினீங்களே. என்ன மனிசனப்பா நீங்கள்?" அவளுக்கு அழுகை வரவில்லை. கையில் இருந்த கேத்தலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

 மாமி சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"பிள்ளையள் தட்டினவங்களோ?"

ஹென்றி தலையைக் குனிந்தான். "ஓம் மாமி. ஓட்டினவனுக்குச் சத்தம் கேட்டது."

"அப்ப வெளியிலை வரத்தான் பாத்தவன்."

"ஓம் மாமி."

மாமி எழும்பினார்.  அந்த வீட்டில் அவர் சத்தமாகக் கதைத்து யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கீழ்மாடிக்காரனும் கேட்டிருப்பான்.

"வரப் பாத்திருக்கிறான்! என்ரை பிள்ளை வரப் பாத்திருக்கிறான்! நான் என்ன செய்தன் தெரியுமே? இருபது வருசம் அவனைத் திட்டினன். வழியிருந்தும் இறங்கேல்லை எண்டு எழுதி ஒட்டினாங்களே, அதை நம்பினன். அம்மா இருக்கிறா எண்டு நினைக்கேல்லையே, பாவி, இந்த இரும்புப் பெட்டி உனக்கு என்னை விடப் பெரிசாப் போச்சோ எண்டு கேட்டன். அவனுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கேல்லை. அவன்ரை பேரைச் சொல்லி ஒரு செபம் சொல்லேல்லை. செத்துப்போன பிள்ளையோடை நான் கோவம்!"

அருளம்பலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமி ஈரத் தாள்களை வாரி அவருடைய நெஞ்சில் திணித்தார். "நீர் எழுதினதை நம்பித்தான் நான் என்ரை பிள்ளையை வெறுத்தன். வெளியிலை போம். கேக்கையும் கொண்டு போம். இனி எந்த மேடையிலையாவது அவன்ரை பேர் உம்மடை வாயிலை வந்தால், நான் வந்து ஏறி நிண்டு சொல்லுவன்." அருளம்பலம் சப்பாத்து நூல் கட்டாமலே படி இறங்கினார். அந்த வருடம் வைகாசியில் நினைவுக்கூட்டம் நடக்கவில்லை. மண்டபம் கிடைக்கவில்லை என்று சங்கத்தில் சொன்னார்களாம்.

கதவு சாத்தியதும் மாமி ஹென்றியின் பக்கம் திரும்பினார். மருமகனைத் தம்பி என்றும் நீங்கள் என்றும் தவிர அவர் கூப்பிட்டதே இல்லை.

"நீ ஏன் சொல்லேல்லை?"

"பயம் மாமி. அக்னெஸ் போயிடுவா எண்டு பயம். நீங்கள்..."

"உன்ரை பயத்துக்கு என்ரை பிள்ளை இருபது வருசம் ஏச்சு வாங்கினவன்," என்றார் மாமி. தன்னுடைய அறைக்குள் போய்விட்டார்.

ஹென்றி அருளம்பலத்தைத் திட்டலாம் என்று வாயைத் திறந்து பார்த்தான், ஒன்றும் வரவில்லை. கொட்டின தேத்தண்ணியைத் துடைத்தான்.

அக்னெஸ் போகவில்லை. ஒரு மாதம் கழித்துக் கதைக்கத் தொடங்கினாள், அரிசி முடிந்தது, பில் வந்தது என்கிற அளவுக்கு. மாமி அதுவும் இல்லை. அவன் வந்தால் எழும்பிப் போய்விடுவார். அவன் அதைக் குறை சொல்வதில்லை. பட்டறையில் இப்போது அவன் சத்தம் போடுவதும் குறைவு.

ஆனால் வேலை முடிந்து வருகிற பின்னேரங்களில், மாமியின் அறைப் பக்கமாக நடந்தால் உள்ளே குரல் கேட்கும். இருபது வருடம் பேசாத மகனோடு தாய் பேசிக்கொண்டிருப்பார். கோபமில்லாத, கெஞ்சுகிற குரல். சாப்பாட்டைப் பற்றி, தகப்பன் செத்ததைப் பற்றி, இங்கத்தைய குளிரைப் பற்றி. நடுவில் குரல் தணிந்து, "எவ்வளவு நேரமடா தட்டினனி?" என்று கேட்பார்.

ஹென்றி கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பான். ஓட்டினவன் சொல்லி அவனுக்கு அது தெரியும். மாமி இன்னும் அவனைக் கேட்கவில்லை.